எட்டாண்டு முற்றுகையும் ஒருநாள் சண்டையும்

தேசிங்கு ராஜா செஞ்சியை ஆண்டது ஓராண்டுகூட நிறையவில்லை. தகப்பன் இறந்த சேதி கேட்டு வடக்கே புந்தேல்கண்டிலிருந்து வந்தவன், 1714 அக்டோபர் 3ஆம் தேதி களத்தில் விழுந்தான். வயது இருபத்திரண்டு என்பது வழிவழிச் செய்தி. இது அவன் கட்டியது என்று கைநீட்டிக் காட்ட அங்கே ஒரு கொத்தளம்கூடக் கிடையாது. ஆனாலும் திண்டிவனத்தில் திருவண்ணாமலைப் பேருந்து ஏறி, செஞ்சி ஊரைத் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் மதில் தெரிகிற இடத்தில், இது யார் கோட்டை என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். கோனார், நாயக்கர், சிவாஜி என்ற பெயர்களெல்லாம் பிறகுதான் வரும். தேசிங்கு முன்னால் வந்து நிற்பான்.

அவனுக்குச் சற்று முன்பு, 1690 முதல் 1698 வரை, இதே கோட்டை முகலாயப் பேரரசின் முற்றுகையில் கிடந்தது. பேரரசின் முதலமைச்சர் அசத் கான், அவருடைய மகன் சுல்பிகார் கான், ஔரங்கசீப்பின் கடைசிப் பிள்ளை காம் பக்‌ஷ் ஆகிய மூவரும் இந்த மலையடிவாரத்தில் கூடாரம் அடித்துக் காத்திருந்தார்கள். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் இராஜாராம். தமிழ் மண் கண்ட படையெடுப்புகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று அது. அதைப் பாடும் கதைப்பாட்டு எதுவும் மக்கள் வாயில் தங்கவில்லை. அதை வைத்துக் கூத்து கட்டியவர் இல்லை, தமிழில் படம் எடுத்தவரும் இல்லை. சில நூறு குதிரைகளோடு ஓர் இளைஞன் ஆற்றைத் தாண்டிப் போய் மடிந்த ஒருநாள் சண்டைக்கோ பாட்டு, நாடகம், பெரிய எழுத்துப் புத்தகம், சினிமா எல்லாமே கிடைத்தன.

போரின் அளவுக்கும் நினைவின் அளவுக்கும் இப்படியொரு பொருத்தமின்மை வரக் காரணம் என்ன? தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. முதலில் பெரிய போரைப் பார்த்துவிடுவோம், அது அதிகம் பேசப்படாதது என்பதால்.

1689 மார்ச்சில் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றதும் மராட்டிய அரசு ஏறக்குறைய முடிந்தது என்றே முகலாயர் நினைத்தார்கள். தம்பி இராஜாராம் பன்ஹாலாவிலிருந்து யாத்திரிகர் வேடத்தில் தெற்கே தப்பினார். அந்த நெடும்பயணத்தைக் கேசவ பண்டிதர் ஒரு சமஸ்கிருதக் காவியமாகவே எழுதி வைத்திருக்கிறார். போய்ச் சேர வேண்டிய இடம் முன்பே தீர்மானமாகியிருந்தது. 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்து மதில்களைப் பலப்படுத்தியது இப்படியொரு நாளை மனத்தில் வைத்துத்தான் என்று மராட்டிய வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். ஆண்டு முடிவதற்குள் இராஜாராம் வந்து சேர்ந்தார். விழுப்புரத்துக்கு வடக்கே, திண்டிவனத்துக்கு மேற்கே கிடந்த இந்தப் பாறைக் குன்றுகள் மராட்டிய அரசின் தலைநகராயின.

1690 செப்டம்பரில் சுல்பிகார் கான் படையோடு வந்து இறங்கினான். வந்த பிறகுதான் தான் எதை வளைக்க வந்திருக்கிறோம் என்பது அவனுக்குப் புரிந்திருக்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்று மூன்று குன்றுகள். மூன்றையும் மதிலால் கோத்து ஒரு முக்கோணம். ஒவ்வொரு குன்றும் தனித்தனிக் கோட்டை; ஒன்று விழுந்தாலும் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம். ராஜகிரி எண்ணூறு அடி உயரம். உச்சியை நெருங்கும் இடத்தில் பாறை இரண்டாகப் பிளந்து ஆழமான பள்ளமாக நிற்கிறது. அதன் மேல் ஒரு மரப்பாலம் போட்டிருந்தார்கள். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்களை எந்தச் சேனையும் ஒன்றும் செய்ய முடியாது. இன்று அங்கே நின்று கீழே பார்க்கிறவருக்கும் வயிறு ஒருமுறை கலங்கும். அடிவாரத்தில் நிற்கும் தானியக் களஞ்சியங்களைப் பார்த்துவிட்டு மேலே போவது நல்லது. இந்தக் கோட்டையைக் காத்ததில் பீரங்கிக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு நெல்லுக்கும் உண்டு.

மூன்று குன்றையும் முழுக்கச் சுற்றி அடைக்கும் அளவுக்குப் படை இருந்ததில்லை. ஆகவே முற்றுகை என்று பெயரே தவிர, உள்ளேயிருந்து ஆட்கள் வெளியே போனார்கள், வெளியேயிருந்து தானியம் உள்ளே வந்தது. பணம் போதாதபோது இராஜாராம் கடற்கரையை விற்றார். 1690இல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் அவரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள கிராமங்களும் சேர்த்துத்தான் விற்பனை. கும்பெனியார் நெடுந்தூரம் சுடக்கூடிய பீரங்கியாகப் பார்த்துத் தேடிக் கொண்டுவந்தார்கள் என்பது அந்தப் பேரத்தின் சுவையான பகுதி. அப்படிக் கிடைத்த ஊர்கள் குண்டு கிராமங்கள் என்றே அழைக்கப்பட்டன. கடலூரில் குண்டு சாலை இன்றும் இருக்கிறது. அந்தக் கோட்டைதான் புனித டேவிட் கோட்டை. ராபர்ட் கிளைவ் பிற்பாடு ஆளானது அங்கேதான். செஞ்சி முற்றுகையைக் கிணற்றுத் தவளைச் சண்டையாக நினைப்பவர்கள் இந்த ஒரு விற்பனைப் பத்திரத்தை யோசித்துப் பார்க்கலாம்.

1692 கடைசியில் கதை தலைகீழானது. சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரண்டு மராட்டியத் தளபதிகள் பெரும் குதிரைப்படையோடு வடக்கிலிருந்து வந்து காஞ்சிபுரம் பக்கம் முகலாய அதிகாரிகளைச் சிறைபிடித்தார்கள். முற்றுகையிட்டவர்களையே முற்றுகை சூழ்ந்தது. பாளையத்தில் பஞ்சம். ஔரங்கசீப் இறந்துவிட்டார் என்று வதந்தி. அதை நம்பி இளவரசர் காம் பக்‌ஷ் உள்ளே இருந்த எதிரியோடு இரகசியமாகப் பேசத் தொடங்கினார். முதலமைச்சர் அசத் கான் பேரரசரின் பிள்ளையையே காவலில் வைக்க வேண்டியதாயிற்று. 1693 தொடக்கத்தில் முகலாயப் படை கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்கியது. அப்புறமும் ஐந்து ஆண்டு இழுத்தது. போவதும் வருவதும், பேசுவதும் பேரம் பேசுவதும்.

இதையெல்லாம் உடனிருந்து பார்த்து எழுதியவர் ஒருவர் உண்டு. பீம்சேன் என்ற காயஸ்தர். புந்தேலர் தலைவன் தல்பத் ராவிடம் எழுத்தராக இருந்தவர். பாரசீகத்தில் அவர் எழுதிய ‘நுஸ்கா-இ-தில்குஷா’வில் தளபதிகள் மனம் வைத்திருந்தால் இந்தக் கோட்டையை எப்போதோ பிடித்திருக்கலாம், போரை நீட்டிப்பதில் அவர்களுக்கு இலாபம் இருந்தது என்ற கசப்பு தொடர்ந்து ஒலிக்கிறது. கடைசியில் 1697 முடிவில் இராஜாராம் நழுவிப் போனார். சுல்பிகார் கானே வழிவிட்டான் என்று அன்றே பேசிக்கொண்டார்கள். 1698 தொடக்கத்தில் கோட்டை விழுந்தது. அரச குடும்பத்தார் பலர் சிறைப்பட்டனர். சுல்பிகார் கானின் பட்டப்பெயரை வைத்து செஞ்சிக்கு நுஸ்ரத்கட் என்று பெயரிட்டார்கள். ஊரில் அந்தப் பெயர் ஒட்டவேயில்லை.

இப்போது கதைப்பாட்டுக்காரன் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். இதில் யாரைப் பாடுவீர்கள்? முற்றுகையிட்டவன் எதிரியோடு பேரம் பேசுகிறான். முற்றுகையில் இருந்தவன் கடற்கரையை விற்கிறான், முடிவில் தப்பி ஓடுகிறான். தப்பித்தது அரசியலாகப் பார்த்தால் பெரிய வெற்றி. இராஜாராம் எட்டு ஆண்டு இங்கே பிடித்து நிறுத்திய முகலாயப் படையும் பணமும்தான் தக்காணத்தில் மராட்டியர் மூச்சு விட இடம் கொடுத்தன. ஆனால் விடிய விடிய உட்கார்ந்து கேட்பவர்களுக்கு, தப்பித்தவன் கதை எதற்கு? ஊர்க்காரர்களுக்கு இரண்டு தரப்புமே வரி கேட்டு வந்தவர்கள், வைக்கோற்போரை எடுத்துப் போனவர்கள். இரண்டு பேரும் போய்த் தொலைந்தால் சரி என்றுதான் இருந்திருக்கும்.

கோட்டை விழுந்த பிறகு ஔரங்கசீப் அதைப் புந்தேலரான சரூப் சிங்கிடம் ஒப்படைத்தார். முற்றுகையில் முன்னணியில் நின்று ஏறியவர்களில் தல்பத் ராவின் புந்தேலர்கள் முக்கியமானவர்கள். சரூப் சிங்கும் அதே புந்தேலர் கூட்டத்தவர். அதாவது படையெடுத்து வந்த தரப்புக்குக் கொடுக்கப்பட்ட பரிசு அந்தக் கோட்டை. அந்த சரூப் சிங்கின் மகன் தேஜ் சிங்தான் தமிழ் நாவில் தேசிங்கு ஆனான். செஞ்சியின் காவலனாக நாம் பாடுகிறவன் செஞ்சியை வென்றவர்களின் வாரிசு. தேசிங்கைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் காதில் விழாத உண்மை இது. எனக்கு இதுதான் இந்தக் கதையின் மையமாகத் தெரிகிறது.

1714 சண்டையின் காரணமும் காவியத்துக்கு ஏற்றதில்லை. சரூப் சிங் ஆற்காட்டுக்குக் கட்ட வேண்டிய பணத்தில் பல ஆண்டு நிலுவை. அவர் இறந்ததும் நவாப் சாதத்துல்லா கான் கணக்கைக் கேட்டார். எங்கள் குடும்பத்துக்கு இந்தச் சீமையைக் கொடுத்தது பேரரசர், நடுவில் நீ யார் என்பது இளைஞனின் பதில். பேரரசு தளர்ந்து கொண்டிருந்த காலத்தில் இந்தியா முழுக்க நடந்த தகராறு இது. பழைய ஃபர்மானைக் கையில் வைத்திருப்பவனுக்கும் பக்கத்தில் படை வைத்திருப்பவனுக்கும் நடக்கிற சண்டை. நவாபின் படை பல ஆயிரம். தேசிங்கு பக்கம் நின்றவர்கள் சில நூறு பேர். சங்கராபரணி ஆற்றில் வெள்ளம். காத்திருக்கலாம் என்ற யோசனையைத் தள்ளிவிட்டு ஆற்றில் குதிரையை இறக்கினான். அக்கரை சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தேவனூர், கடலி பக்கம் நடந்த சண்டையில் நண்பன் மகமத் கான் வீழ்ந்தான், தேசிங்கும் வீழ்ந்தான். அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். செட்டிகுளத்துக் கரையில் ஒரு மேடையைக் காட்டி இங்கேதான் என்பார்கள். அவள் நினைவாக நவாபே ஆற்காட்டுக்கு எதிர்க்கரையில் ராணிப்பேட்டையை நிறுவினார் என்பதும் வழங்கி வரும் செய்தி. வென்றவரின் கல்வெட்டு வேறிடத்தில் இருக்கிறது: செஞ்சிக் கோட்டையின் புதுச்சேரி வாசலருகே 1717-18இல் கட்டிய சாதத்துல்லா கான் மசூதி. பாரசீகக் கல்வெட்டோடு அமைதியாக நிற்கிறது. அதன் பக்கம் போகிற சுற்றுலாக் கூட்டம் மிகக் குறைவு.

சி.எஸ். ஸ்ரீநிவாசாச்சாரி 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வழியாக வெளியிட்ட செஞ்சி வரலாறு இந்த ஆவணங்களையெல்லாம் வரிசைப்படுத்தியது. இன்று வரை அதைத் தாண்டிப் பெரிதாக யாரும் போய்விடவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தைப் படித்து தேசிங்கை அறிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

கதைப்பாட்டு என்ன செய்தது என்று பாருங்கள். நிலுவைக் கணக்கைப் பின்னுக்குத் தள்ளியது. தகப்பன் டெல்லிக்குப் போய், பாதுஷாவின் அடங்காத குதிரையை ஏற முடியாமல் சிறையில் கிடப்பதும், பிள்ளை போய் அதை அடக்கித் தகப்பனை மீட்பதும் முன்னால் வந்தன. அந்தக் குதிரை பாராசாரி. நண்பனின் குதிரை நீலவேணி. பாட்டில் குதிரைகளுக்கு உள்ள இடம் மந்திரிகளுக்கு இல்லை. நவாபின் படை வரும் நாளில் மகமத் கான் கல்யாணப் பந்தலில் இருக்கிறான். சேதி கேட்டதும் பந்தலை விட்டு எழுந்து வருகிறான். தேசிங்கும் தன் மனைவியை முகம் பார்க்காமலே, திரைக்குப் பின்னிருந்து பேசி விடைபெறுகிறான். சிங்கவரம் மலையில் குடைவரைக்குள் படுத்திருக்கும் அரங்கநாதர், போகாதே என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சிங்கவரம் போனால் இன்றும் அர்ச்சகர் தீபத்தைத் தூக்கிப் பிடித்து, பெருமாளின் தலை ஒருபக்கம் சாய்ந்திருப்பதைக் காட்டி இந்தக் கதையைச் சொல்வார். பல்லவர் காலத்துக் குடைவரையில் படுத்திருக்கும் பெருமாள் தேசிங்கு பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பிருந்தே அப்படித்தான் படுத்திருக்கிறார். அதைச் சுட்டிக்காட்டுவது அரசிகத்தனம்.

ஒருநாள் சண்டை என்பதாலேயே பாட்டு கிடைத்துவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தார்கள். எட்டாண்டு அசைக்க முடியாமல் நின்றதை, வாசலை வெடிவைத்துத் திறந்து, ஏணி போட்டு ஏறி, விடிவதற்குள் முடித்தார்கள். சினிமாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? பிரான்சில் புஸ்ஸிக்குப் பெரும் புகழ். இங்கே ஒரு தெம்மாங்குகூட இல்லை. காரணம், தமிழ்க் கதைப்பாட்டு வெற்றியைத் தேடிப் போவதில்லை. மதுரைவீரன், காத்தவராயன், அண்ணன்மார் என்று எடுத்துப் பாருங்கள்: ஆயுள் முடியாமல், நியாயம் கிடைக்காமல் செத்தவர்களின் கதைகள். அகால மரணம் அடைந்தவனைப் பாடி ஆற்ற வேண்டும் என்ற கடமை அதில் இருக்கிறது. அந்த வரிசையில் தேசிங்குக்கு ஓர் இடம் முன்கூட்டியே காலியாக இருந்தது. வடக்கத்தியான், படையெடுத்தவர் மகன், பேசியது புந்தேலி. எதுவும் தடையாகவில்லை. இருபத்திரண்டு வயதில் மனைவி முகம் பார்க்காமல் போனான் என்ற ஒன்று போதுமாயிருந்தது.

தமிழ் சினிமா போர்க்களத்துக்கு வந்த வழியும் இதுதான். 1936இலேயே தேசிங்கு படமாகிவிட்டான். நினைவில் நிற்பது 1960இல் வந்த ‘ராஜா தேசிங்கு’. தயாரித்தவர் லேனா செட்டியார், இயக்கியவர் டி.ஆர். ரகுநாத், இசை ஜி. ராமநாதன். நான்கு ஆண்டு முன்பு இதே லேனா செட்டியார்தான் எம்.ஜி.ஆரை வைத்து ‘மதுரை வீரன்’ எடுத்தார். நடுவில் 1959இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘சிவகங்கைச் சீமை’. வரிசையாகப் பார்த்தால், அந்த ஆண்டுகளின் போர்ப் படங்களுக்கு ஆவணக் காப்பகத்தைவிடக் கூத்து மேடையோடும் பெரிய எழுத்துப் புத்தகத்தோடும்தான் உறவு நெருக்கம். வசனம் அடுக்கடுக்காக வந்ததும், போருக்குப் போகுமுன் நீண்ட விடைபெறுதல் வந்ததும், படை மோதலைவிடத் தனியாள் வாட்சண்டை பெரிதானதும் மேடையின் இலக்கணம். பட்ஜெட் போதாமை ஒரு காரணம். அது மட்டுமே காரணமில்லை.

‘ராஜா தேசிங்கு’ பாட்டிலிருந்து ஒரு விஷயத்தில் விலகிப் போனது. தேசிங்காகவும், எதிர் முகாமில் வளரும் தாவூத் கான் என்ற முஸ்லிம் வீரனாகவும் எம்.ஜி.ஆர். இரட்டை வேடம் போட்டார். இருவரும் ஒரே தகப்பன் பிள்ளைகள். நண்பன் மகமத் கானாக எஸ்.எஸ். ராஜேந்திரன், ராணியாக பானுமதி. இரட்டை வேடம் அன்றைய எம்.ஜி.ஆர். ரசிகர்களுக்கான விருந்து என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் அதன் விளைவு வேறு. படையெடுப்பு என்பது பங்காளிச் சண்டை ஆகிவிட்டது. கோட்டைக்கு உள்ளே இருப்பவனுக்கும் வெளியே இருப்பவனுக்கும் ஒரே முகம். வரலாற்றில் தாவூத் கான் என்றொருவர் உண்மையிலேயே இருந்தார்: சுல்பிகார் கானிடம் செஞ்சி முற்றுகையில் பணியாற்றி, பிறகு கர்நாடகத்தை ஆண்டு, 1702இல் சென்னைக் கோட்டையை வளைத்த தாவூத் கான் பன்னி. அவருக்கும் படத்தின் பாத்திரத்துக்கும் பெயரைத் தவிர ஒட்டு உறவு கிடையாது. இருந்தாலும், தேசிங்கின் குடும்பமும் முகலாயத் தளபதியும் ஒரே பாளையத்திலிருந்து வந்தவர்கள் என்ற வரலாற்று உண்மைக்குப் படம் தெரியாமலே நெருக்கமாகப் போய்விட்டது. பாட்டு நட்பால் செய்ததைப் படம் இரத்தத்தால் செய்தது. இரண்டில் பாட்டு செய்ததே எனக்கு உயர்வாகப் படுகிறது. இரத்தம் என்று காட்டிவிட்டால் ஒருவன் இன்னொருவனுக்காக ஏன் அழ வேண்டும் என்பதற்கு எளிதான காரணம் கிடைத்துவிடுகிறது. மகமத் கான் பந்தலை விட்டு எழுந்து வந்ததற்கு அப்படியொரு காரணம் எதுவும் இல்லை.

எந்தப் போரை நினைவில் வைப்பது என்ற இந்தத் தேர்வு உலகப் போர்ப் படங்களிலும் நடந்திருக்கிறது. 1944 ஜூன் 6ஆம் தேதி நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கியதை ‘தி லாங்கஸ்ட் டே’ 1962இலும், ‘சேவிங் பிரைவேட் ரயன்’ 1998இலும் காட்டின. இரண்டாவது படத்தின் தொடக்கத்தில் ஒமாஹா கரைக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இரண்டாம் உலகப் போர் என்றால் இன்றும் அந்தக் கடல்தான் கண்ணில் வரும். லெனின்கிராட் முற்றுகை 872 நாள். பட்டினியில் மட்டும் பல லட்சம் பேர் இறந்தார்கள். உலகம் முழுக்க அறிந்த படம் என்று அதற்கு ஒன்றைச் சொல்லத் திணற வேண்டியிருக்கிறது. பட்டினியைக் கேமராவால் துரத்திப் போக முடியாது. கரையேறும் சிப்பாயைத் துரத்தலாம். அந்தக் கரையிலும் யார் முகம் தெரியும் என்பது இன்னொரு தேர்வு. 1940இல் டன்கர்க் கரையில் இந்தியக் கோவேறு கழுதைப் படைப்பிரிவுகள் நின்றன. கிறிஸ்டோபர் நோலனின் ‘டன்கர்க்’ 2017இல் வந்தபோது அவர்களைக் காணோம் என்று கேள்வி எழுந்தது.

இந்த வட்டாரத்தில் போரை ஆண்டுதோறும் நினைவுகூரும் வழக்கம் சினிமாவுக்கு வெளியே வேறொன்றாக இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி சுற்றுவட்டாரத்தில் கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கியார் பாரதம் படிக்க, இரவில் கூத்து. முகவீணை ஒலிக்க, இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் கிரீடமும் புஜக்கட்டையும் ஆட, வேஷக்காரர் சபைக்கு வருவார். கடைசியில் படுகளம். மைதானத்தில் களிமண்ணால் துரியோதனனை மல்லாக்கப் படுத்த நிலையில் பெரிதாக வடித்து வைத்திருப்பார்கள். பீம வேஷக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து தொடையை அடித்து உடைப்பார்; அம்மன் கூந்தல் முடிப்பாள். கூட்டம் கலையும்போது களிமண்ணில் ஒரு பிடி எடுத்துப் போவார்கள், நிலத்துக்கும் பத்தாயத்துக்கும் நல்லது என்று. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் 1988இல் வெளியிட்ட நூலில் இந்த வழிபாட்டின் கருவறையாகச் செஞ்சியை, குறிப்பாக மேலச்சேரியைக் கண்டார். செஞ்சி அரசனுக்கு உதவ, ஓர் அசுரனை அழிக்க, திரௌபதி இரண்டாம் முறை இங்கே வந்தாள் என்பது அந்தக் கோயில் மரபு.

இந்தக் கோயில்களுக்கு வெளியே எல்லையில் காவலுக்கு இருப்பவர் முத்தால ராவுத்தர். முஸ்லிம் குதிரை வீரர். அம்மனுக்குப் படைக்காததை எல்லாம் அவருக்குப் படைப்பார்கள். எட்டாண்டு முற்றுகையில் இந்த ஊர்களைக் கடந்த குதிரைப்படைகள் எத்தனை என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. அந்தக் குதிரைகளில் ஒன்று மட்டும் போகாமல் கோயில் வாசலில் தங்கிவிட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இதை நிரூபிக்க வழியில்லை. ராவுத்தர் முற்றுகைக்கு முந்தியவராகவும் இருக்கலாம். ஆனால் படையெடுத்தவர் மகனைக் காவலனாகப் பாடிய அதே மக்கள்தான் ராவுத்தரை அம்மன் வாசலில் நிறுத்தியவர்களும். இரண்டும் ஒரே மனப்போக்கின் வேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ ‘மராட்டிய இராணுவ நிலவமைப்புகள்’ என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில்; பன்னிரண்டாவது செஞ்சி. அதே ஜூலையில் ‘தேசிங்குராஜா 2’ என்று ஒரு நகைச்சுவைப் படமும் திரைக்கு வந்தது. 2013இல் எழில் இயக்கிய முதல் படத்தைப் போலவே இதற்கும் செஞ்சிக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே. அவ்வாண்டு பிப்ரவரியில் சம்பாஜியைப் பற்றிய இந்திப் படம் ‘சாவா’ நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. அது 1689இல் சம்பாஜியின் சாவோடு முடிகிறது. செஞ்சிக் கதை சரியாக அதற்கு அடுத்த மாதங்களில்தான் தொடங்குகிறது. யுனெஸ்கோ பட்டியலில் இடம் பிடித்துத் தந்த மராட்டியக் காலத்தைத் தமிழில் பாடியவர் இல்லை. பாடப்பட்டவனுக்கோ பட்டியலின் தலைப்பில் இடம் இல்லை. ஆனந்தக் கோன் காலத்திலிருந்து மதில் கட்டியவர்களின் வழிவந்தவர்கள் இந்தத் தலைப்பைப் பார்த்து முகம் சுளித்தால் குறை சொல்ல முடியாது.

பதினெட்டாம் நூற்றாண்டின் கர்நாடகப் போர்களைப் படமாக்க ஒரு பெரிய முயற்சி நடந்தது. 1997 அக்டோபரில் சென்னையில், இங்கிலாந்து அரசி எலிசபெத் முன்னிலையில், கமல்ஹாசனின் ‘மருதநாயகம்’ தொடங்கியது, முடியவில்லை. முடிந்திருந்தால் திண்டிவனத்துக்கு அருகே பெருமுக்கல் மலைக்கோட்டையும் வந்தவாசிக் களமும் ஒருவேளை திரைக்கு வந்திருக்கும். 1760 ஜனவரி 22இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் வந்தவாசியில் மோதியதில் இந்தியாவில் பிரெஞ்சு ஆட்சிக் கனவு கலைந்தது என்பது பாடப்புத்தகச் செய்தி. அந்த ஆண்டுகளில் ஊரை விட்டு ஓடி வந்த குடியானவர்களைப் பற்றிப் புதுச்சேரியிலிருந்து ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் நாட்குறிப்பு எழுதிக் கொண்டிருந்தார். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுவதற்குச் சில நாள் முன்பு இறந்துபோனார்.

செஞ்சி முற்றுகையை யாராவது படமாக எடுப்பதானால் இராஜாராமையோ சுல்பிகார் கானையோ நாயகனாக்கினால் அது உருப்படாது என்றே நினைக்கிறேன். பொருத்தமானவர் பீம்சேன். கணக்கு எழுதுகிறவர், சம்பளம் பாக்கி, தானிய விலை, தளபதிகளின் கள்ளத்தனம் எல்லாம் தெரிந்தவர், ஓய்வு கிடைத்தபோது தென்னாட்டுக் கோயில்களைப் பார்த்து வியந்து எழுதியவர். அவர் வாழ்ந்தது தல்பத் ராவின் பாளையத்தில், தேசிங்கின் கூட்டத்தவர் நடுவில். படத்தின் முதல் காட்சியை மதிலுக்கு வெளியே, புந்தேலர் கூடாரத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.